எட்டு விநாடிக்கு ஒருமுறை

நிற்காத வண்டிக்கு நோ பார்க்கிங் சட்டம் பொருந்தாது. கண்டுபிடிப்பு இவ்வளவுதான். இதற்கு விஞ்ஞானி தேவைப்படவில்லை, ஒரு வக்கீல் போதுமானவராக இருந்தார்.

மைதானத்தில் முப்பத்தெட்டாயிரம் பேர் உட்காரலாம். அவர்களுடைய கார்களை நிறுத்த ஆயிரத்து நூறு இடம்தான் உண்டு. கார்கள் தாமாக ஓடக் கற்றுக்கொள்ளும்வரை அது போலீஸின் தலைவலி. கற்றுக்கொண்ட பிறகு எங்கள் தலைவலி. ஆட்டம் பார்க்க வருகிறவர் வாசலில் இறங்கிக்கொள்வார். காலியான கார் எங்கும் போய் நிற்காது. மைதானத்தைச் சுற்றியுள்ள பதினோரு தெருக்களில், ஆள் நடக்கிற வேகத்தில், ஒன்றின் பின்னால் ஒன்று ஒட்டிக்கொண்டு, ஆட்டம் முடிகிறவரை சுற்றிக்கொண்டே இருக்கும். ஆறாயிரம் கார்கள். உள்ளே ஒரு ஆள் கிடையாது. ஏசி மட்டும் ஓடும், முதலாளி திரும்பி வரும்போது சீட் சுடக் கூடாது என்று.

கார்களை ஓட்டும் நிறுவனம் அதற்கு அழகான பெயர் ஒன்று வைத்திருந்தது. எங்கள் அமீர் தோட்டம் இரண்டாவது சந்தில் அதற்குப் பெயர் செக்கு.

"செக்கு எத்தினி மணிக்குடா ஆரம்பிக்குது?" என்று என்னைத்தான் கேட்பார்கள். அந்த நிறுவனத்தில்தான் எனக்கு வேலை. இன்ஜினியரிங்கை மூன்றாம் வருடத்தில் விட்டவனுக்கு அங்கே ஒரு நாற்காலி இருந்தது. காருக்கு ஏதாவது புரியாவிட்டால் அதைப் படம் பிடித்து அனுப்பும். அது என்ன என்று நாங்கள் சொல்ல வேண்டும். நாய், பிளாஸ்டிக் பை, சாய்ந்து கிடக்கும் மரக்கிளை, நிழல். கார் அதைக் கற்றுக்கொள்ளும்.

கீழ்வீட்டில் ரஹ்மத்துன்னிசா அக்காவும் அவர் கணவர் கௌஸ் பாயும் இருந்தார்கள். பாய் முப்பது வருடம் புதுப்பேட்டையில் கார் சீட்டுக்கு உறை தைத்தவர். சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் மதியம் டயாலிசிஸ். போகும்போது எப்படியோ நடந்து போய்விடுவார். திரும்பி வரும்போது துவைத்துப் பிழிந்த துணி மாதிரி இருப்பார், ரத்த அழுத்தம் இறங்கிப் போயிருக்கும். சந்து முனையிலிருந்து வீட்டுக்கு நூற்று நாற்பது அடி. அதை அவரால் நடக்க முடியாது. ஆட்டோ வாசலுக்கு வந்தாக வேண்டும்.

தெருக்காரர்களின் வண்டி செக்கில் சேர்ந்து வரலாம், ஆனால் நிற்கக் கூடாது என்பது விதி. ஒரு ஆட்டோ நின்றால் பின்னால் ஆறாயிரமும் நிற்கும். ஆகவே வாசலை ஒட்டி ஒரு ஆட்டோ ஒதுங்கும் அளவுக்கு இடம் காலியாக இருக்க வேண்டும். கார்கள் சந்தில் இரண்டு வரிசையாகப் போகும். வாசலில் எதையாவது வைத்துவிட்டால் அந்த இடத்தில் மட்டும் ஒற்றை வரிசையாகிவிடும்.

அக்கா நாற்காலி வைத்தார். கால் ஒடிந்து கம்பியால் கட்டிய சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி. அவரைப் பார்த்து மற்ற வாசல்களிலும் வைத்தார்கள். சென்னையில் பிறந்த எவனுக்கும் அதன் பொருள் தெரியும்: இந்த இடம் எங்களுது. காருக்குத் தெரியவில்லை. நின்று, யோசித்து, எங்களுக்குப் படம் அனுப்பியது.

என் மேலதிகாரி பிரவீணா மேடம் பெங்களூரிலிருந்து வந்தவர். திரையை என் பக்கம் திருப்பினார்.

"தணிகைவேல், ரோட்ல ஏன் இத்தனை சேர் இருக்கு? யாராவது உட்காரப் போறாங்களா?"

"இல்ல மேடம். இடம் பிடிக்கிறதுக்கு வெச்சிருக்காங்க. பஸ்ல துண்டு போடுற மாதிரி."

"அப்போ அதுல ஆள் சம்பந்தப்படல?"

"இல்ல மேடம். சும்மா வெறும் சேர்."

"தள்ளிவிட்டா யாருக்கும் ஆபத்தில்லையே?"

"இல்ல."

அவர் என்னைப் பாராட்டினார். மணிலாவிலும் நைரோபியிலும் எங்களைப் போலவே படம் பார்க்கிறவர்கள் உண்டாம். அந்த ஊர்க்காரர்களுக்கு இது தெரிந்திருக்காதாம். எனக்குத் தெரிந்திருந்தது. அடுத்த ஆட்டத்திலிருந்து கார்கள் நாற்காலிகளை மூக்கால் மெதுவாக ஓரம் தள்ளிவிட்டுப் போயின. தள்ளும் விதத்தில் ஒரு மரியாதைகூட இருந்தது. பாய் அன்று நூற்று நாற்பது அடியில் நான்கு இடத்தில் உட்கார்ந்து வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

அக்கா அதோடு விடுகிற ஆள் இல்லை. பாயின் பழைய சட்டைக்குள்ளும் லுங்கிக்குள்ளும் கார் சீட் பஞ்சை அடைத்தார். கழுத்துக்கு மேலே ஒரு ஹெல்மெட். நாற்காலியில் உட்கார வைத்து, கையை மடியில் சேர்த்துவிட்டார். முதல் கார் ஒரு சாண் தள்ளி நின்றது. ஒதுங்கியது. ஒற்றை வரிசையில் செக்கு ஓடத் தொடங்கியது. ஆட்டோ ஓட்டும் பொன்னுரங்கம் பாயை வாசற்படியில் இறக்கிவிட்டு, பொம்மைக்கு ஒரு சல்யூட் அடித்துவிட்டுப் போனார்.

அடுத்த ஆட்டத்துக்குள் சந்தில் முப்பது பொம்மைகள். எதிர்வீட்டு எத்திராஜ் தன் பொம்மைக்கு முழுக்கைச் சட்டை போட்டு, கழுத்தில் அடையாள அட்டைகூட மாட்டியிருந்தார்.

"இன்னா எத்திராஜு, பொம்மைக்குக் கெவர்மெண்ட் வேலை கெடச்சிருச்சா?" என்று கேட்டார் அக்கா.

"ஆமா அக்கா. பெர்மனண்ட். நானு இன்னும் கான்ட்ராக்ட்தான்."

"பாரு, எப்டி அடக்கமா உக்காந்துகினு கீது. உன் பொண்டாட்டிய விட்டா மாத்திக்குவா."

"அவ ஏற்கெனவே அதுக்குதான் டீ குடுத்துகினு கீறா," என்றார் எத்திராஜ். கௌஸ் பாய் படியில் உட்கார்ந்து, இருமல் வரும்வரை சிரித்தார். பல மாதங்களுக்குப் பிறகு அவர் சிரித்துப் பார்த்தேன்.

பதினோரு தெருக்களிலும் பொம்மைகள் முளைத்தன. செக்கு மந்தமாயிற்று. ஆட்டம் முடிந்து வெளியே வந்தவர்கள் காருக்கு ஐம்பது நிமிடம் காத்திருந்தார்கள். காத்திருந்தவர்களில் சிலர் காத்திருக்கக் கூடாதவர்கள். திங்கட்கிழமை காலை பிரவீணா மேடம் என் மேசைக்கு வந்துவிட்டார்.

"இது என்ன?"

திரையில் பாயின் சட்டை. அதற்குப் பட்டன் தைத்துக் கொடுத்ததே என் அம்மாதான்.

பல பேர் என்னிடம் பிறகு கேட்டார்கள், அப்போது ஏன் நீ தெரியாது என்று சொல்லவில்லை என்று. பதில் சுலபம். என் வேலை படத்தில் இருப்பதைச் சொல்வது. படத்தில் இருந்தது பொம்மை. பொம்மை என்று சொன்னேன்.

"ஐயோ," என்றார் மேடம். "அப்போ நிஜமான ஆள எப்படிக் கண்டுபிடிக்கிறது? எல்லாத்தையும் பொம்மைன்னு கார் நினைச்சிருச்சுன்னா?"

இந்தக் கேள்வியை அவர் கேட்டார் என்பதையும் எழுத வேண்டும். அவர் கெட்டவர் இல்லை. நானும் நல்லது செய்வதாக நினைத்துத்தான் சொன்னேன்.

"ஆளுன்னா அசைவான் மேடம். கொசு கடிக்கும், சொறிவான். பொம்மை அசையாது."

"எவ்வளவு நேரத்துக்கு ஒரு தடவை?"

"பத்து செகண்டுக்குள்ள எப்படியும் அசைவான்."

பாதுகாப்புக்காக அதை எட்டாக்கினார்கள். எட்டு விநாடி அசையாமல் இருந்தால் சந்தேகம். சந்தேகம் வந்தால் கார் நின்று, அந்தப் படத்தை மூன்று ஊர்களில் மூன்று பேருக்கு அனுப்பும்; எங்கள் சந்துப் படமானால் அவர்களில் ஒருவன் நான். திரையில் இரண்டே பட்டன்: மனிதர், பொம்மை. நான்கு விநாடிக்குள் அழுத்த வேண்டும். இரண்டு பேர் சொல்வது எதுவோ அது முடிவு. பொம்மை என்றால் கார் அதைத் தள்ளிவிட்டுப் போகும்.

புதன்கிழமை அறிவிப்பு ஒட்டினார்கள். ஆட்ட நாட்களில் தெருவில் அமரும் பொதுமக்கள், தங்கள் சொந்தப் பாதுகாப்பை முன்னிட்டு, எட்டு விநாடிக்கு ஒருமுறை கையை அசைக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.

அக்கா என்னை அதை இரண்டு தடவை படிக்கச் சொன்னார்.

"கைய ஆட்டணுமா?"

"ஆமாக்கா."

"நம்ம வூட்டு வாசல்ல உக்காந்து, காலி காருக்கு நாம கைய ஆட்டணும்."

"ஆமாக்கா."

"எந்தப் பேமானி இத சொல்லிக் குடுத்தான் அவனுங்களுக்கு?"

"தெரியலக்கா," என்றேன்.

அதன்பின் ஆட்டம் இருக்கும் சனிக்கிழமைகளில் எங்கள் சந்தைப் பார்க்க வேண்டும். வாசலுக்கு ஒரு நாற்காலி, நாற்காலிக்கு ஒரு ஆள், ஆளுக்கு ஒரு கை. எதிர்வீட்டில் எத்திராஜ் வலது கை சலித்தால் இடது கைக்கு மாறுவார். மூன்றாவது வீட்டு லீதியாள் டீச்சர் ஒரு கையால் விசிறிக்கொண்டே விடைத்தாள் திருத்துவார். அக்கா தஸ்பீஹ் மணியை உருட்டியபடி கையைத் தூக்கித் தூக்கி இறக்குவார். எழுந்து போனால் இடம் போய்விடும். அடுப்பில் பால் பொங்கினாலும் எழ முடியாது. ஒருமுறை தொலைக்காட்சியின் பறக்கும் கேமரா எங்கள் தெருவைக் காட்டியது. வர்ணனையாளர் சொன்னார்: "அக்கம்பக்கத்து மக்களின் உற்சாகத்தைப் பாருங்கள், எப்படிக் கையசைத்து வரவேற்கிறார்கள்!" அலுவலகத்தில் எல்லோரும் கைதட்டினார்கள்.

அந்தச் சனிக்கிழமை அரையிறுதி. மாலை ஆறு மணிக்கே செக்கு நிரம்பிவிட்டது. நான் வேலையில் இருந்தேன். பின்னால் நடந்தவற்றில் பாதியை எத்திராஜ் சொல்லித் தெரிந்துகொண்டேன். மீதியைத் திரையில் பார்த்தேன்.

ஆறு முப்பத்தெட்டுக்கு ஆட்டோ வந்தது. அக்கா எழுந்து நாற்காலியைப் படியோரம் இழுத்துக்கொண்டார். பொன்னுரங்கம் அந்த இடத்தில் ஒதுங்கினார். இருவருமாகப் பாயை இறக்கினார்கள். அன்றைக்கு அவருக்கு ரொம்ப முடியவில்லை. வாசற்படி மூன்று. முதல் படியில் காலை வைத்துவிட்டு, "கொஞ்சம் உக்காந்துக்கிறேன் ரஹ்மத்து," என்றாராம். நாற்காலியிலேயே உட்கார வைத்தார்கள். ஆட்டோவின் திரை அதற்குள் கத்தத் தொடங்கிவிட்டது, உடனே நகரவும், உடனே நகரவும் என்று. இதற்கு முன் ஒருமுறை நகராமல் நின்றதற்காகப் பொன்னுரங்கத்தின் உரிமத்தை ஒரு மாதம் முடக்கியிருந்தார்கள்.

"போய்ட்டு வரேன் பாய். அக்கா, பாத்துக்க," என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

பாய் தண்ணீர் கேட்டார். டயாலிசிஸ் ஆட்களுக்குத் தண்ணீர் அளந்துதான். அந்தச் சின்ன டம்ளர் உள்ளே, அடுக்களையில். அக்கா எதிரே பார்த்துச் சொன்னார்:

"எத்திராஜு, ஒரு நிமிசம். இவர பாத்துக்க."

"போக்கா, நான் கீறேன்."

"நீங்க கைய ஆட்டிகினே இருங்க," என்று பாயிடம் சொல்லிவிட்டு உள்ளே ஓடினார்.

பாய் இரண்டு தடவை ஆட்டினார். எத்திராஜ் எண்ணினார். மூன்றாவது தடவை கை பாதி உயர்ந்து மடியில் விழுந்தது.

என் திரையில் அந்தப் படம் வந்தபோது மணி ஆறு நாற்பத்தொன்று. சிவப்பு நாற்காலி, சாய்ந்த தலை, மடியில் கை. தெரு விளக்கு இன்னும் எரியவில்லை, முகம் சரியாகத் தெரியவில்லை. எனக்குத் தெரிய வேண்டியதில்லை. ஒரு விநாடிகூட ஆகவில்லை, மனிதர் என்பதை அழுத்தினேன். அதன்மேலேயே நான்கைந்து தடவை குத்தினேன். ஒருமுறை அழுத்தினாலும் ஐந்து முறை அழுத்தினாலும் ஒரு ஓட்டுதான்.

மற்ற இரண்டு பேர் யாரென்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவர்கள்மேல் எனக்குக் கோபமும் இல்லை. அன்று மதியத்திலிருந்து அவர்கள் இருநூறு பொம்மை பார்த்திருப்பார்கள். இதுவும் அசையவில்லை.

பொம்மை இரண்டு. மனிதர் ஒன்று.

கார் தள்ளியது. எப்போதும்போல மெதுவாகத்தான். எத்திராஜ் தன் நாற்காலியை விட்டு எழுந்து இரண்டு வரிசைக் கார்களுக்கு நடுவே கத்திக்கொண்டு ஓடினார். அவர் அசைந்தார், ஆகவே அவருக்காக எல்லாக் கார்களும் நின்றன. அதற்குள் கம்பியால் கட்டிய கால் மடங்கி, நாற்காலி சாய்ந்து, பாய் படியில் தலை மோத விழுந்துவிட்டார். அக்கா டம்ளரோடு வெளியே வந்தபோது எத்திராஜ் அவரை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரைச் சுற்றி ஆறாயிரம் கார்கள் நின்றிருந்தன. எட்டு நிமிடம் நின்றன. அந்த வருடத்தின் மிக நீண்ட நிறுத்தம் அது என்று பிறகு அறிக்கையில் படித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அடக்கம். நானும் தோள் கொடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை பிரவீணா மேடம் என்னைத் தனியறைக்குக் கூப்பிட்டார். அவர் கண் வீங்கியிருந்தது. அழுதிருக்கிறார். மேசைமேல் ஒரு தாள், பக்கத்தில் ஒரு திரை.

"தணிகைவேல், உங்க பக்கத்து வீடுன்னு கேள்விப்பட்டேன். ஐ ஆம் சாரி."

"கீழ்வீடு மேடம்."

"அவர் கையில ஆஸ்பத்திரிக்காரங்க கட்டிவிட்ட நாடிப் பட்டை இருந்துச்சு. தெரியுமா?"

"தெரியும்."

"அதோட பதிவு வந்திருக்கு. ஆறு நாப்பத்தொண்ணு பத்து செகண்டுல நாடி நின்னிருக்கு. கார் தொட்டது முப்பத்திரண்டுல. இருபத்திரண்டு செகண்ட் வித்தியாசம்."

மேடம் தாளில் விரல் வைத்தார்.

"கார் அவர எதுவும் செய்யல. அது தொடும்போது அவர் இல்ல."

"பட்டை தளர்ந்திருக்கலாம் மேடம். அவர் கை எலும்பா இருக்கும்."

"இருக்கலாம். ஆனா பதிவு இதுதான் சொல்லுது." தாளை என் பக்கம் நகர்த்தினார். "சட்டப் பிரிவு இத மூடணும்ங்குறாங்க. மூணு பேர் பதிலும் ஒண்ணா இருக்கணுமாம். மத்த ரெண்டு பேர் பதில் சரின்னு ஆயிடுச்சு. உங்களோடது தப்புன்னு வருது. நீங்க திருத்தணும்."

"அவர் பொம்மையா மேடம்?"

"அப்படிக் கேக்காதீங்க, ப்ளீஸ்."

"வேற எப்படிக் கேக்குறது?"

"நேரம் வெச்சுதான் சொல்றாங்க. படம் எடுத்த செகண்ட்ல உயிருள்ள மனிதர் இல்ல. இருக்கிறது ரெண்டு பட்டன். மூணாவது ஒண்ணு வேணும்னு நானும் எழுதியிருக்கேன், அடுத்த வருஷம் வரலாம்." அவர் குரல் தாழ்ந்தது. "திருத்தலன்னா உங்கள இந்த வேலையில வெச்சிருக்க முடியாது. உங்க பதில் எதையும் கணக்குல எடுக்க மாட்டாங்க. அடுத்த சனிக்கிழமை ஃபைனல். உங்க தெருவுல கை ஆட்டிட்டு உட்காரப் போற அத்தனை பேருக்கும் உங்க ஒரு ஓட்டு இருக்கு. அது வேணாமா?"

அவர் சொன்னது உண்மைதான். என் வேலையும் அதில் இருந்தது என்பதும் உண்மை. இரண்டில் எது என்னை அசைத்தது என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். கண்டுபிடிக்க முடியவில்லை, கண்டுபிடித்தால் பிடிக்காது என்று விட்டுவிட்டேன்.

திரையில் அதே படம். இந்தத் தடவை நான்கு விநாடி என்ற கட்டாயம் இல்லை. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம். வெளிச்சத்தைக் கூட்டியிருந்தார்கள், முகம் நன்றாகத் தெரிந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. எதையோ கேட்டுவிட்டு அதற்காகக் காத்திருப்பவரைப் போல.

பொம்மை என்பதை அழுத்தினேன். நன்றி என்றது திரை. தாளில் கையெழுத்துப் போட்டேன்.

அன்று சாயங்காலம் கீழ்வீட்டில் பாய்க்காக மூன்றாம் நாள் பாத்திஹா ஓதினார்கள். வாசலில் செருப்புகள் தெருவரை கிடந்தன. ஆட்டம் இல்லாத நாள், சந்து காலியாக, அகலமாக இருந்தது. ஊதுவத்தி வாசனையும் ஏலக்காய் வாசனையும் படியிலேயே வந்தன. மேலே போய்விடலாம் என்றுதான் பார்த்தேன். அக்கா உள்ளறை வாசலில் நின்றபடி என்னைக் கண்டுவிட்டார்.

"தணிகா. இங்க வா."

போனேன். மூன்று நாளில் பத்து வயது ஏறியிருந்தது அவருக்கு.

"எத்திராஜு சொன்னான். படத்த மூணு பேருக்கு அனுப்புவாங்களாமே. அதுல நீயும் ஒருத்தனாமே. அன்னிக்கு உனக்கு வந்துச்சா?"

"வந்துச்சுக்கா."

"நீ இன்னா அழுத்துன?"

எத்திராஜ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மனுசன்னுதான் அழுத்தினேன்க்கா."

பொய் இல்லை. சனிக்கிழமை அதைத்தான் அழுத்தினேன்.

அக்கா முக்காட்டு முனையால் வாயை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. பிறகு கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் பக்கம் திரும்பினார். பள்ளிவாசல்காரர்கள், புதுப்பேட்டை கடைக்காரர்கள், டயாலிசிஸ் வார்டில் பாயோடு பக்கத்துப் படுக்கையில் படுத்திருந்த இரண்டு பேர்.

"இந்தப் புள்ளதான்," என்றார். "எல்லாரும் பொம்மைன்னப்போ இவன் ஒருத்தன்தான் எங்க வூட்டுக்காரர மனுசன்னு சொன்னவன்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வெள்ளைத் தாடி வைத்த ஒருவர் சுவரைப் பிடித்து மெல்ல எழுந்து வந்தார். யாரென்று எனக்குத் தெரியாது. என் வலது கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்து அழுத்திக்கொண்டு, "அல்லாஹ் உங்களுக்கு ஆயுசக் குடுக்கட்டும் தம்பி," என்றார்.

அவர் கை சூடாக இருந்தது. இழுத்துக்கொள்ள முடியாது. அவராக விடும்வரை நின்றுகொண்டிருந்தேன்.